மதனவதி சொன்ன படம்

காஞ்சிபுரத்தில் பட்டைத் தொடாமலேயே பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் மதனவதி ஒருத்திதான் என்று சொன்னால், அதெப்படி என்று சண்டைக்கு வர ஆள் இருக்கலாம். வரட்டும். இன்னொருத்தியைக் கொண்டுவந்து காட்டட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அவள் பிறந்தது திருப்புட்குழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், ஜைனர்களான நயினார் வீட்டில். ஜைனர்கள் என்றதும் சேட்டு வீடா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, இவர்கள் தலைமுறை தலைமுறையாக நெல்லும் வேர்க்கடலையும் பயிர்செய்த தமிழ்க்காரர்கள்தான். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது, எந்த உயிருக்கும் தீங்கு கிடையாது. பட்டு கட்டுகிற நயினார் வீடுகளும் இருக்கத்தான் செய்கின்றன. மதனவதியின் அப்பா அதற்கெல்லாம் மேலே போய் விரதம் எடுத்தவர். ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் புழு வெந்நீரில் வேகிறது என்று சொல்லிச் சொல்லியே பெண்ணை வளர்த்தார். கையால் செய்யாவிட்டாலும் வாயால் சொன்னால் பாதிப் பாவம் என்பார். மாவைப் பிசைந்து செய்த பொம்மைக் கோழியை வெட்டிவிட்டு, அந்தப் பாவத்தோடு பிறவி பிறவியாக அலைந்த ராஜாவின் கதை அந்த வீட்டில் சோறு ஊட்டும்போது சொல்கிற கதை. அதனால் 'கொல்' என்ற சொல் மதனவதியின் வாயில் வந்ததே இல்லை. கொசுவைக்கூட 'ஓட்டு' என்றுதான் சொல்வாள்.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ப் பட்டு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் பெயர் அப்பாண்டை, சின்ன காஞ்சிபுரத்தில் சம்பூர்ணம் டாக்கீஸில் ஆபரேட்டர். பதினைந்து வயதில் படம் ஓட்டும் மிஷின் ரூமுக்குள் போனவர். அதைத் தவிர வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. குடிவந்த தெருவில் பத்து வீட்டில் எட்டு வீடு தெலுங்கு பேசும் நெசவாளர் வீடு. பெண்களெல்லாம் வாசலில் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றுவார்கள். இவள் மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாள். நூலைத் தொடமாட்டாள் என்றதும் முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். அப்புறம் கேலி செய்தார்கள். அப்புறம் கேலியும் அலுத்துப்போய்ச் சேர்த்துக்கொண்டார்கள். கை சும்மா இருந்தால் காதுக்கு வேலை கூடும் போலிருக்கிறது. இரண்டே வருஷத்தில் மதனவதி தெலுங்கில் திட்டவும், குழம்புக்குப் பக்குவம் சொல்லவும், ஊர்வம்பு பேசவும் கற்றுக்கொண்டாள். குழந்தை பிறக்கவில்லை என்று அவள் அழுததும் அந்த வாசல்களில்தான், தெலுங்கில்தான்.

பட்டு வேலை வேண்டாமென்றவளுக்கு வேறு வேலை வேண்டுமே. டாக்கீஸில் பெண்கள் டிக்கெட் கவுன்டருக்கு ஆள் தேவைப்பட்டபோது அப்பாண்டை முதலாளியிடம் சொல்லி அவளை உட்காரவைத்தார். முதலாளி திருஞானசம்பந்தம் கோபக்காரர், ஆனால் கோபத்தை மறுநாளைக்கு எடுத்துவைக்கிறவர் இல்லை. டாக்கீஸுக்குத் தன் அம்மா பெயரை வைத்திருந்தார். வாசலில் பான்பராக் துப்பினவனை விரட்டும்போதுகூட, "எங்கம்மா மேல துப்புறியாடா" என்றுதான் கேட்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அப்பாண்டையின் காது போகும் வரையில்.

இருபது வருஷம் இரண்டு மிஷினுக்கு நடுவே நின்ற காது அது. முதலில் வலது காது மந்தமாயிற்று, பிறகு இடது. டாக்டர், நரம்பு போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார். அந்தச் சேதியையும் மதனவதிதான் அவர் முகத்துக்கு நேரே நின்று வாயைத் திறந்து திறந்து சொன்னாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள அவர் அதற்குள் பழகியிருந்தார், அவள் உதட்டையாவது. மிஷின் ஓட்டக் காது எதற்கு? ஒரு ரீல் முடியும் நேரத்தில் திரையின் மூலையில் ஒரு புள்ளி வரும். அதைப் பார்த்து அடுத்த மிஷினுக்கு மாற்ற வேண்டும். அதற்குக் கண் போதும். சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான் காது வேண்டும். அதற்கு மதனவதி இருந்தாள். புதுப் படப்பெட்டி வந்தால் முதல் ரீலை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அப்போது அவள் காலி ஹாலில் நடுவரிசையில் உட்கார்ந்துகொள்வாள். சத்தம் குறைந்தால் கையை உயர்த்துவாள், கூடினால் தாழ்த்துவாள். மேலே மிஷின் ரூம் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக அவர் பார்த்துக்கொள்வார்.

நாலு வருஷம் இப்படி ஓடியது. யாரிடமும் அவர்கள் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மிஷின் ரூமை விட்டு வெளியே போகச் சொன்னால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று நினைக்கவே மதனவதிக்குப் பயம்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் டிசம்பரில், அரையாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று ஒரு இங்கிலீஷ் படத்தைத் தமிழில் கொண்டுவருவதாக முதலாளி ஏற்பாடு செய்தார். வெள்ளைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்துமஸ் ராத்திரியில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையாம். ஒரு சின்னப் பெண்ணுக்குப் பரிசாக ஒரு மரச் சிப்பாய் பொம்மை வருகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதற்கு உயிர் வருகிறது. எலிகளின் ராஜா படை திரட்டிக்கொண்டு சண்டைக்கு வருகிறான். அதைப் பெரிய செலவில் மாயமந்திரப் படமாக எடுத்திருந்தார்கள். ஊர் முழுக்கத் தமிழில் போஸ்டர் ஒட்டியாயிற்று. காலையில் மூன்று பள்ளிக்கூடம், மத்தியானம் இரண்டு என்று பேசி முடித்தாயிற்று.

படப்பெட்டி முந்தின நாளே வந்திருக்க வேண்டும். வந்தது அன்று காலை எட்டரைக்கு, மெட்ராஸ் பஸ்ஸில். அதற்குள் வாசலில் வரிசை நிற்கத் தொடங்கியிருந்தது. மதனவதியால் கவுன்டரை விட்டு ஒரு நிமிஷம்கூட எழுந்திருக்க முடியவில்லை. ஒவ்வொரு டீச்சராகத் தலையை எண்ணிவிட்டு, மறுபடி எண்ணிவிட்டு டிக்கெட்டுக்கு வந்தார்கள். அப்பாண்டை முதல் ரீலைத் தானே ஓட்டிப் பார்த்தார். படம் பளிச்சென்று இருந்தது, கீறல் இல்லை. எழுத்தெல்லாம் இங்கிலீஷில் வந்தது. அதை அவர் படிக்கமாட்டார். மாடிப்படியில் நின்று கவுன்டரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இவளும் தலையை ஆட்டினாள். அவள் அன்றைக்குத் தலையை ஆட்டியிருக்கக் கூடாது.

பத்து மணிக்கு விளக்கை அணைத்தார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஹாலில் ஒரே கூச்சல். மிஷன் பள்ளிக்கூடத்தின் டிரில் மாஸ்டர் தாவீது கவுன்டருக்கு ஓடிவந்தார்.

"இன்னாம்மா இது, படம் தெலுங்குல ஓடிக்கினு இருக்குது. பசங்க சீட்டு மேல ஏறி நிக்கிறாங்க. ஆபரேட்டரு இன்னா பண்றாரு, காது கேக்குலியா அவருக்கு?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். மதனவதி கவுன்டரை அப்படியே போட்டுவிட்டு மாடி ஏறினாள்.

அப்பாண்டை ஸ்டூலில் உட்கார்ந்து, விளக்குக்குள் எரியும் கார்பனைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். கீழே அறுநூறு பிள்ளைகள் கத்துகிற கத்தலில் சுவர் அதிர்ந்தது. அவர் முகம் கோயிலில் உட்கார்ந்திருப்பவர் முகம் போல் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை முட்டியது. தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"தெலுங்குங்க. பெட்டி மாறி வந்துடுச்சு. படம் தெலுங்கு பேசுது."

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். இரண்டாம் தரம் சொல்லச் சொல்லிப் பார்த்தார். எழுந்து ஓட்டை வழியாகக் கீழே பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது மதனா. ரெண்டு காதும் இருக்கிறவன் இதை விட்டிருப்பானா? முதலாளி ஒரு கேள்வி கேட்டா போதும்."

முதலாளி அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டில் இருந்தார். டாக்கீஸில் போன் இல்லை; சைக்கிளில் ஓடிய ஆள் போய்ச் சேர அரைமணி நேரம், அவர் வர அரைமணி நேரம். படத்தை நிறுத்தினால் கூச்சல் தெருவுக்கு வரும். மதனவதி சுற்றுமுற்றும் பார்த்தாள். அலமாரியில் மைக் இருந்தது. காணாமல் போன குழந்தையைப் பற்றியும் வழியில் நிறுத்தின ஸ்கூட்டரைப் பற்றியும் சொல்வதற்காக வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு, படத்தின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள். அவர் குமிழைத் திருகினார். போதும் என்று கையை மூடினாள். ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

"பசங்களா, கொஞ்சம் கத்தாம இருங்கபா. இந்தப் படத்துல எல்லாரும் தெலுங்கு பேசுறாங்க. அவங்களுக்குத் தமிழ் வராது, பாவம். இன்னா பேசுறாங்கன்னு நான் சொல்றேன், கேக்குறீங்களா?"

கூச்சல் சிரிப்பாயிற்று. யாரோ ஒரு டீச்சர் அதட்டினாள். அப்புறம் அமைதி.

"இந்தப் பாப்பாவுக்கு மரச் சிப்பாய் பொம்மை குடுத்தாங்க இல்ல, அவங்க அண்ணன் அதைப் புடுங்கிக் கையை ஒடச்சிட்டான். அவளுக்கு ஆத்திரம் தாங்கல. நீ இன்னிக்கு என்கூட ஒரே தட்டுல கேக்கு தின்னாத, போடாங்குறா. இப்போ பாருங்க, பொம்மைக்குக் கட்டு போடுறா. வலிக்குதா கண்ணு, வலிக்குதான்னு கேக்குறா. பொம்மை ஒண்ணும் பேசல. இப்போதைக்குப் பேசாது."

மேடை ஏறிப் பழக்கமில்லாதவள். ஆனால் பதினெட்டு வருஷம் வாசலில் உட்கார்ந்து கேட்ட பேச்சு எல்லாம் கைகொடுத்தது. எலிகள் பேசினால் அவள் குரல் கீச்சென்று ஆனது. மரச் சிப்பாய் வாயைத் திறந்ததும் கொஞ்சம் முறைப்பான குரல். பனி மழை பெய்யும் நாட்டைக் காட்டியபோது மட்டும் என்ன சொல்வது என்று தெரியாமல், "இலவம்பஞ்சு மாதிரி கொட்டுது பாருங்க, தொட்டா ஜில்லுன்னு இருக்குமாம்" என்றாள். பிள்ளைகள் அதற்கும் 'ஓ' என்றார்கள்.

அப்பாண்டை திரையைப் பார்க்கவில்லை. அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த பார்வையில் திரை மூலையில் வந்த புள்ளியைக் கோட்டைவிட்டார். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகச் சம்பூர்ணம் டாக்கீஸின் திரை ஒரு நொடி வெள்ளையாகி நின்றது. கீழே விசில் பறந்தது. அடித்துப்பிடித்து அடுத்த மிஷினைப் போட்டார்.

கடைசியில் சண்டை வந்தது. எலி ராஜா கோட்டை வாசலில் விழுந்து கிடக்கிறான். மரச் சிப்பாய் கத்தியை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். 'சம்பேஸ்தானு' என்று கர்ஜிக்கிறான். அதற்குத் தமிழ் என்ன என்று மதனவதிக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மைக் உம்மென்று இருந்தது. அறுநூறு பிள்ளைகளும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"சிப்பாய் சொல்றான்," என்றாள், "இந்தக் கிரீடம் உனக்கு எதுக்குடா, அதைக் கழட்டுன்றான்." கத்தி இறங்கியது. கிரீடம் உருண்டது. "அவ்ளோதான், கிரீடம் போச்சு. கிரீடம் போனா அவன் ராஜாவா? வெறும் எலி. வெக்கம் தாங்காம கண்ணை மூடிக்கினு படுத்துக்கினான்."

"செத்துட்டான்," என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"படுத்துக்கினு இருக்கான்பா. நீங்க எல்லாம் வீட்டுக்குப் போனதும் எழுந்து அவங்க அம்மாகிட்ட போயிடுவான். சண்டை போட்டுட்டு வந்தா உங்கம்மா உன்ன உள்ள சேர்க்க மாட்டாங்களா?"

ஹால் முழுக்கக் கைதட்டல். அந்தக் கைதட்டல் நடுவே, கடைசி வரிசைக்குப் பின்னால் முதலாளி நின்றிருந்ததை அவள் ஓட்டை வழியாகப் பார்த்தாள்.

பிள்ளைகள் போனபின் அவர் மாடி ஏறி வந்தார். அப்பாண்டை கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பாண்டை, காலையில செக்கிங் பண்ணியா இல்லியாப்பா?"

முதுகு அசையவில்லை. முதலாளி குரலை உயர்த்தி மறுபடி கேட்டார். ரீல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் மெதுவாக மதனவதியின் பக்கம் திரும்பினார்.

"இவனுக்குக் காது கேக்குதா, கேக்குலியா? நீ சொல்லுமா. உங்க ஆளுங்க பொய் சொல்ல மாட்டீங்க."

நாலு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. கேட்கிறது என்று ஒரு சொல் சொன்னால் மிஷின் அவர் கையில் இருக்கும். காலையில் ஏதோ அவசரம், கவனிக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். எலி ராஜாவைப் படுக்கவைத்த வாய்க்கு இது பெரிய காரியமா? ஆனால் பிள்ளைகளிடம் சொன்னது வேறு, இது வேறு. உண்மையைச் சொன்னால் கட்டின புருஷனைத் தன் வாயாலேயே வெளியே தள்ளுகிற மாதிரி. மதனவதி புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரீல் முடிந்து திரும்பிய அப்பாண்டை முதலாளியைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். என்ன கேள்வி என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வந்து அவளுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"அவளைக் கேக்காதீங்க. எனக்குக் காது போயிடுச்சுங்க. நாலு வருஷம் ஆவுது. சொன்னா மிஷினை விட்டுட்டுப் போவணுமேன்னு தான் சொல்லல. தப்பு என்னுது."

முதலாளி ரீல் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கத்துவார் என்று மதனவதி எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"நெருப்பு எரியுற ரூமுபா இது," என்றார், அப்பாண்டை தன் வாயைப் பார்க்கும்படி நிதானமாக. "இங்க ஒண்ணு பத்திக்கினு, கீழேர்ந்து நாங்க கத்தினா உனக்கு எப்படித் தெரியும்? அறுநூறு புள்ளைங்க கீழ இருக்குது."

இரண்டு பேருக்கும் தலை தாழ்ந்தது. இத்தனை நாள் தங்கள் பிழைப்பைப் பற்றித்தான் யோசித்தோம், கீழே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி யோசிக்கவில்லையே என்று மதனவதிக்கு உடம்பு கூசியது. எறும்பைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தவள் அவள்.

"வீட்டுலேர்ந்தே மெட்ராஸுக்குப் போன் பண்ணிட்டேன். தமிழ்ப் பெட்டி நாளைக்குத் தான் வருமாம். ரெண்டு மணிக்கு இன்னும் ரெண்டு ஸ்கூலு வருது." முதலாளி எழுந்து வேட்டியைத் தட்டினார். "நீ மேலயே இரும்மா. இன்னிக்கு மட்டும் இல்ல. இவன் மிஷின் ஓட்டுற நேரம் பூரா நீ இந்த ரூம்ல இருக்கணும். நீ இல்லேன்னா மிஷின் ஓடக்கூடாது, சொல்லிட்டேன். கவுன்டருக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

இரண்டு படி இறங்கியவர் நின்றார். "ஏம்மா, அந்த எலி செத்துடுச்சு தானே?"

"எழுந்திருக்க மாட்டான்னு படத்துல யாரும் சொல்லலீங்க," என்றாள்.

அவர் மிச்சப் படிகளையும் இறங்கிப் போனார்.

டப்பாவைத் திறந்து எலுமிச்சம் சாதத்தை இரண்டாகப் பிரித்து வைத்தாள். அப்பாண்டை சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நாலு வருஷமா படம் ஓட்டிக்கினு இருக்கேன், மதனா. அழுவுறாங்க, சிரிக்கிறாங்க, கட்டிப்புடிச்சுக்கிறாங்க, எல்லாம் பாப்பேன். எதுக்குன்னு தெரியாது. இன்னிக்குத் தான் ஒரு கதை புரிஞ்சுது." கொஞ்சம் தயங்கினார். "அங்கங்க நீ ஓட்டைப் பக்கம் முழுசா திரும்பிக்கின. உன் வாய் தெரியல. அந்தப் பொம்மை ஏன் அழுவுதுன்னு அதுல விட்டுப்போச்சு."

காது போனதால் அவர் வேலைக்கு என்ன ஆகும் என்று மதனவதி நாலு வருஷம் பயந்தாளே தவிர, அந்த மனுஷனுக்குக் கதையே இல்லாமல் போயிற்று என்று ஒரு நாளும் தோன்றவில்லையே. சோற்றைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு ஹால் நிறைந்தது. விளக்கை அணைத்தார்கள். மதனவதி மைக்கை எடுத்தாள், சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைத் தாழ்த்தினாள். பிறகு ஸ்டூலைத் தூக்கிச் சுவர் ஓரமாகப் போட்டு, ஓட்டைக்கு முதுகைக் காட்டி, அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். கதைதான் இப்போது அவளுக்குத் தெரியுமே. புள்ளி வரும் நேரத்துக்கு மட்டும் அவர் அவள் தோளுக்கு மேலே பார்த்தால் போதும்.

"ஒரு ஊருல ஒரு பாப்பா," என்று ஆரம்பித்தாள். சில இடத்தில் கதை படத்தை விட்டு முன்னால் ஓடியது. சில இடத்தில் அவர் புருவத்தைச் சுருக்கியதால், சொன்னதையே இன்னொரு தரம் நிறுத்திச் சொன்னாள். கீழே நானூறு பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொம்மை ஏன் அழுதது என்பதை அவள் மிகவும் மெதுவாகச் சொன்னாள்.